குக்கர் விசில் அடித்தால் பாட்டிதான் டீச்சர்

என் அண்ணனுக்குக் காது கேட்காது, 2020 ஊரடங்கில் நாங்கள் இருவரும் சேர்ந்து குழந்தைகளுக்கு ஆன்லைனில் சைகை மொழி வகுப்பு எடுத்தோம் என்று போன இதழில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த முறை காதல், கடன், மாமியார் எல்லோருக்கும் விடுமுறை. சைகை மொழி மட்டும்தான்.

கல்லூரியில் என்எஸ்எஸ் (நாட்டு நலப்பணித் திட்டம்) மூலமாக மூன்று மாத அடிப்படை சைகை மொழிப் பயிற்சி முடித்திருக்கிறேன். ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆன்லைனில் சொல்லிக்கொடுக்கலாம் என்று நானும் மூன்று தோழிகளும் ஆசைப்படுகிறோம். எங்களுக்குத் தகுதி இருக்கிறதா? எங்கிருந்து தொடங்குவது?
– இரண்டாம் ஆண்டு மாணவி, திருச்சி

பாதித் தகுதி இருக்கிறது. மீதிப் பாதிக்கு ஆள் பிடிக்க வேண்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், நான் பட்ட அவமானத்தைச் சொன்னால் உங்களுக்கே புரியும்.

அப்போது நான் கல்லூரியில் கடைசி வருடம். வீட்டில் அண்ணனோடு கையாலேயே பேசி வளர்ந்தவள், எனக்கென்ன தெரியாது என்ற மிதப்பு. எழுத்துகளில் ஆரம்பிக்கலாம் என்று யூடியூபில் அழகாகக் கிடைத்த ஒரு வீடியோவைப் பார்த்துப் பயிற்சி செய்து, பதினோரு குழந்தைகளுக்கு ஏ முதல் இஸட் வரை கற்றுக்கொடுத்துவிட்டேன். மூன்றாவது வாரம் தற்செயலாக அண்ணன் அறைக்குள் வந்தான், திரையைப் பார்த்தான், விழுந்து விழுந்து சிரித்தான். நான் கற்றுக்கொடுத்தது அமெரிக்க சைகை மொழியின் எழுத்துகள்! அவர்களுக்கு ஒரு கை போதும். நம் இந்திய சைகை மொழியில் பெரும்பாலான ஆங்கில எழுத்துகளுக்கு இரண்டு கையும் வேண்டும், பிரிட்டனில் இருப்பதைப் போல. உலகம் முழுக்க ஒரே சைகை மொழிதான் என்று நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இங்கிலாந்துக்காரரும் அமெரிக்கரும் பேசுவது ஒரே ஆங்கிலம், ஆனால் அந்த இரண்டு நாட்டுக் காது கேளாதோரின் சைகை மொழிகள் வேறு வேறு. வீட்டில் பழகியது வீட்டுச் சைகை, அதை வைத்து வகுப்பெடுக்க முடியாது என்பதும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

அன்றிலிருந்து வகுப்பை அண்ணன்தான் எடுத்தான். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டேன், பெற்றோருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன், அழுகிற குழந்தையின் அம்மாவிடம் போனில் பேசினேன். உங்களுக்கும் இதைத்தான் சொல்வேன். உங்கள் மாவட்டத்தில் காது கேளாதோர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள், பெரும்பாலான ஊர்களில் ஏதாவது ஒரு வடிவத்தில் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கூடுவார்கள். நேரில் போய்ப் பழகுங்கள், குழந்தைகளோடு விளையாடப் பிடிக்கிற ஒருவரைக் கண்டுபிடியுங்கள். திரையில் அவர் இருக்கட்டும், பக்கத்தில் நீங்கள் இருங்கள். சைகை மொழி கற்பிக்கும் ஆசிரியர்களை உருவாக்க நம் நாட்டில் இருக்கும் டிடிஐஎஸ்எல் என்ற பட்டயப் படிப்பே காது கேளாதவர்களுக்கு மட்டுமானதுதான். காது கேட்பவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர் படிப்பு தனியாக இருக்கிறது. இந்தப் பிரிவினை சும்மா வைத்ததில்லை.

இன்னொன்று, அவருக்குப் பணம் கொடுங்கள். நான்கு பேர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டாலும் சரி, பெற்றோரிடம் சிறு கட்டணம் வாங்கினாலும் சரி. உங்களுக்கு இது தொண்டு, அவருக்கு இது வேலை.

சைகைகளைச் சரிபார்க்க டெல்லியில் இருக்கும் இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையத்தின் அகராதி இருக்கிறது. 2018இல் 3,000 சொற்களோடு தொடங்கி 2021இல் 10,000 சொற்களுக்கு வந்துவிட்டது, எல்லாம் வீடியோ, இலவசம். சைன் லேர்ன் என்று செல்போன் செயலியும் உண்டு. ஆனால் அகராதியில் இருப்பது ஒன்று, திருச்சியில் நாலு பேர் கூடும் இடத்தில் புழங்குவது வேறொன்று என்று சில சொற்களில் வரும். நெல்லைத் தமிழும் கோவைத் தமிழும் மாதிரிதான். அப்போது இரண்டையும் காட்டிவிடுங்கள், குழந்தைகள் குழம்ப மாட்டார்கள், நாம்தான் குழம்புவோம்.

ஆறு குழந்தைகளை வைத்து வகுப்பு ஆரம்பித்துவிட்டோம். ஆனால் பத்து நிமிடத்துக்கு மேல் யாரும் உட்காருவதில்லை. நான் சைகை காட்டும்போது திரையில் வேறு யாரோ பெரிதாகத் தெரிகிறார்கள். கை வேறு மங்கலாகத் தெரிகிறது என்கிறார்கள். என்ன செய்வது?
– மாணவர், மதுரை

வாங்க, இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

வீடியோ செயலிகள் எல்லாம் காது கேட்கிறவர்களுக்காகச் செய்தவை. யார் சத்தம் போடுகிறார்களோ அவர்களைப் பெரிதாகக் காட்டும். சைகை மொழி வகுப்பில் டீச்சர் சத்தமே போடமாட்டார் இல்லையா, அதனால் யார் வீட்டில் குக்கர் விசில் அடிக்கிறதோ அவர்கள் பெரிதாக வந்துவிடுவார்கள். எங்கள் வகுப்பில் ஒரு பாட்டி மாதக்கணக்கில் முக்கால்வாசி நேரம் திரையை ஆக்கிரமித்திருந்தார், பாவம், அவர் பின்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எல்லோர் மைக்கையும் முதலிலேயே அணைத்துவிடுங்கள். டீச்சரின் சதுரத்தை எல்லோருக்கும் பெரிதாக நிறுத்தி வைக்கும் வசதி செயலிக்குள்ளேயே இருக்கும், அதைத் தேடிப் போட்டுவையுங்கள். குழந்தைகள் செய்துகாட்டும் நேரத்தில் மட்டும் எல்லோரும் ஒரே அளவில் தெரிகிற காட்சிக்கு மாறிக்கொள்ளுங்கள்.

கை மங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் வெளிச்சம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும், ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். பின்னால் வெறும் சுவர் இருந்தால் நல்லது, காலண்டரும் சாமி படமும் ஷோகேஸ் பொம்மையும் இருந்தால் கண் அங்கே போகும். கட்டம் போட்ட சட்டை வேண்டாம், உங்கள் தோல் நிறத்திலிருந்து தனித்துத் தெரிகிற ஒரே நிறச் சட்டையாகப் போடுங்கள். கண்ணாடி வளையல், பெரிய மோதிரம், பளபளக்கும் நகப்பூச்சு எல்லாம் அந்த அரைமணி நேரம் மேசைமேல் இருக்கட்டும். தலை உச்சியிலிருந்து இடுப்பு வரைக்கும் தெரிகிற தூரத்தில் உட்காருங்கள், கேமராவை ஒட்டி உட்கார்ந்தால் பாதிச் சைகை திரைக்கு வெளியே போய்விடும். நெட் திணறினால் ஆளைக் குறையுங்கள். பேச்சு விட்டுவிட்டு வந்தால் ஊகித்துவிடலாம், கை விட்டுவிட்டு வந்தால் ஒன்றும் புரியாது. ஆறு பேர் சரியான எண்ணிக்கை, எட்டைத் தாண்ட விடாதீர்கள்.

பத்து நிமிடம் என்கிறீர்களே, ஐந்து வயசுக்குப் பத்து நிமிடம் உட்கார்ந்ததே பெரிது. மொத்த வகுப்பே முப்பது நிமிடம் போதும், அதிலும் பாதி நேரம் ஓட்டம் இருக்க வேண்டும். தக்காளிக்குச் சைகை காட்டுங்கள், யார் முதலில் சமையலறைக்கு ஓடி ஒரு தக்காளியோடு திரும்பி வருகிறார்கள் பார்ப்போம். ஒரு குழந்தை தக்காளி இல்லை என்று வெங்காயத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது, அதற்கு 'இல்லை' என்ற சைகை அன்றைக்கே வந்துவிட்டது, அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் 'இல்லை'தான். சொற்பட்டியல் போட்டு இன்றைக்குப் பழங்கள், நாளைக்கு விலங்குகள் என்று போனால் குழந்தைகள் முப்பது பெயர்ச்சொல் தெரிந்து ஒரு வாக்கியம் பேசத் தெரியாமல் நிற்பார்கள். முதல் நாளிலிருந்தே வேண்டும், வேண்டாம், எங்கே, கொடு, முடிந்தது, இன்னொரு தடவை. இவற்றை வைத்து ஒரு வீட்டையே நடத்தலாம்.

கதை சொல்லுங்கள். அண்ணன் ஒரு நாள் கொல்லிமலைக்குப் பேருந்தில் போன கதையைச் சொன்னான். தட்டையாக நீட்டிய கைதான் பேருந்து, அது எழுபது கொண்டை ஊசி வளைவிலும் திரும்புகிறது, எதிரே இன்னொரு கை லாரியாக வருகிறது, ஓட்டுநரின் முகம் வெளிறுகிறது, பின்சீட்டில் ஒருவருக்கு வாந்தி வருகிறது. அகராதிச் சொல் என்று பார்த்தால் அதில் நாலைந்துதான் இருந்திருக்கும், எந்தக் குழந்தையும் அசையவில்லை. கையே வண்டியாகி, ஆளாகி, மரமாகி நகர்வது இந்த மொழியின் இலக்கணத்தில் ஒரு முக்கியமான பகுதி, நடிப்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். முகமும் அப்படித்தான். 'சாப்பிட்டாயா' என்று கேட்க 'நீ', 'சாப்பிடு', 'முடிந்தது' என்று காட்டிப் புருவத்தை உயர்த்த வேண்டும். புருவம் உயரவில்லை என்றால் 'நீ சாப்பிட்டுவிட்டாய்' என்று நீங்களே தீர்ப்புச் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

நம் குழந்தைகளுக்கு ஒரு வசதி உண்டு. இந்திய சைகை மொழியில் கேள்விச்சொல் கடைசியில் வரும், 'உன் பெயர் என்ன', 'உன் வீடு எங்கே'. மறுப்பும் கடைசியில், 'பால் வேண்டாம்', 'புத்தகம் இல்லை'. ஆங்கிலத்தை மனசில் வைத்துக்கொண்டு கற்கிறவர்கள் இதில் தடுமாறுவார்கள், தமிழ்க் குழந்தை சறுக்குமரத்தில் இறங்குகிற மாதிரி இறங்கிவிடும். அதற்காகத் தமிழ் வாக்கியத்தை வாயால் சொல்லிக்கொண்டே சொல்லுக்குச் சொல் கையைப் போடாதீர்கள். இரண்டுமே கெட்டுப்போகும், கண் தானாகவே உதட்டுக்குப் போய்விடும். வகுப்பு நேரத்தில் வாய்ப்பேச்சே வேண்டாம். முதல் வாரம் சங்கடமாக இருக்கும், அப்புறம் பழகிவிடும்.

கடைசியாக, விரல் சரியாக வரவில்லை என்று குழந்தையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டாம். கடினமான விரல் வடிவத்தைச் சின்னக் குழந்தைகள் எளிதாக்கிக்கொள்வார்கள், மூன்று விரல் வேண்டிய இடத்தில் முழுக்கையையும் விரிப்பார்கள். சைகையிலும் மழலை உண்டு. நீங்கள் சரியாகச் செய்துகாட்டிக்கொண்டே இருங்கள், தானாக வரும். இடதுகைக்காரக் குழந்தை இடதுகையால் செய்தால் அது தப்பே இல்லை.

என் மகளுக்கு மூன்று வயது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் (காது கேட்க உதவும் கருவியை அறுவை சிகிச்சையில் பொருத்துவது) செய்திருக்கிறோம், பேச்சுப் பயிற்சிக்கும் போகிறோம். கல்லூரி மாணவிகள் நடத்தும் ஆன்லைன் சைகை மொழி வகுப்பில் சேர்க்க நினைத்தேன். சைகை பழகிவிட்டால் குழந்தை சோம்பேறியாகிவிடும், பேச்சே வராது என்று உறவில் எல்லோரும் பயமுறுத்துகிறார்கள்.
– ஒரு தாய், ஈரோடு

உங்கள் பயம் புரிகிறது, என் அம்மாவுக்கும் இதையேதான் சொன்னார்கள், அவரும் நம்பினார். அதனால் எங்கள் வீட்டில் அண்ணனுக்கு இருந்தவை சாப்பிடு, தண்ணீர், வா, போ, அடி விழும், இவ்வளவுதான், அதுவும் நாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள். அண்ணனுக்கு ஏழு வயதில் தாத்தா இறந்துபோனார். அவர் எங்கே என்று அவன் மாதக்கணக்கில் தாத்தாவின் கட்டிலைக் காட்டிக் காட்டிக் கேட்டிருக்கிறான். இறந்துவிட்டார், இனி வரமாட்டார், அவருக்கு வலி இல்லை என்று சொல்வதற்கு அம்மாவிடம் சைகை இல்லை. அதை அம்மா இன்னும் சொல்லிச் சொல்லி அழுவார். விடுதியோடு கூடிய பள்ளியில் சேர்ந்த பிறகுதான் அவனுக்கு மொழி வந்தது, அதுவும் வகுப்பில் இல்லை. பகலில் உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்கினார்கள், ராத்திரி விடுதியில் சீனியர் பையன்கள் கையால் பேசினார்கள்.

இந்தப் பயத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்விக்காக ஒரு சர்வதேச மாநாடு நடந்தது. கூடியவர்களில் ஏறக்குறைய எல்லோரும் காது கேட்பவர்கள். பேச்சுதான் உயர்ந்தது, பள்ளிகளில் சைகை கூடாது என்று தீர்மானம் போட்டார்கள், பல நாடுகளில் பல தலைமுறைக் குழந்தைகளின் கையைக் கட்டிப்போட்ட தீர்மானம் அது. 2010இல் வான்கூவரில் கூடிய அதே மாநாடு அந்தத் தீர்மானங்களை நிராகரித்தது. நூற்று முப்பது வருஷம் கழித்து!

சைகை கற்றதால் ஒரு குழந்தைக்குப் பேச்சு வராமல் போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசுகிற குழந்தை எதையும் இழப்பதில்லையே. மூளை மொழிக்காக ஏங்குகிற வயது முதல் ஐந்து வருடம், அந்த வயதில் ஏதாவது ஒரு மொழி முழுசாகக் கிடைக்க வேண்டும், அது காது வழியாக வந்தாலும் கண் வழியாக வந்தாலும். இம்பிளான்ட் வைத்த மறுநாளே பேச்சு வந்துவிடாது, பயிற்சி வருடக்கணக்கில் போகும், சில குழந்தைகளுக்கு நன்றாக வரும், சிலருக்கு அவ்வளவாக வராது. அதுவரை அவள் பசியை, பயத்தை, கனவில் வந்த நாயை உங்களிடம் எதை வைத்துச் சொல்வாள்? குளிக்கும்போதும் தூங்கும்போதும் வெளியே மாட்டியிருக்கும் கருவியைக் கழற்றத்தானே வேண்டும்.

பேச்சுப் பயிற்சியை ஒரு நாளும் விடாதீர்கள், கருவியை முழித்திருக்கும் நேரமெல்லாம் போட்டுவிடுங்கள். அதோடு சைகையும் இருக்கட்டும். ஒரே ஒரு நிபந்தனை, அவளை மட்டும் கேமரா முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்கள் அடுப்படிக்குப் போகாதீர்கள். வகுப்பு உங்களுக்கும்தான், அப்பாவுக்கும்தான். காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கிற பெற்றோருக்குப் பிறந்தவர்கள், தாய்மொழியைத் தாயே புதிதாகக் கற்க வேண்டிய நிலை இவர்களுக்குத்தான்.

எனக்குக் காது கேட்காது. வயது 24. எங்கள் மொழியை மூன்று மாதம் படித்துவிட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் டீச்சர் ஆகிவிடுகிறார்கள், ரீல்ஸ் போடுகிறார்கள், தப்புத் தப்பாகச் சைகை காட்டிக் கைதட்டு வாங்குகிறார்கள். நான் பட்டயப் படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். இதை நீங்கள் எழுதுவீர்களா?
– வாசகர், சென்னை

எழுதிவிட்டேன். முதல் பதிலைப் படித்துப் பாருங்கள், உங்களுக்காகவே எழுதிய மாதிரி இருக்கும். திருச்சி மாணவிக்கு உங்கள் மின்னஞ்சலைக் கொடுக்கலாமா என்று மட்டும் தெரிவியுங்கள்.

சினிமாப் பாட்டுக்குச் சைகை என்று போடும் ரீல்ஸ்களைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். 'நடனம் நன்றாக இருக்கிறது' என்றான்.

தன்னார்வ வகுப்புக்குச் சான்றிதழ் உண்டா? என்எஸ்எஸ் மணிக்கணக்கில் சேர்த்துக்கொள்வார்களா?
– மாணவர், சேலம்

வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240, அந்தக் கணக்கு எனக்கும் தெரியும். சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் திட்ட அலுவலர் கையில், தொடங்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள். எனக்குக் கவலை வேறு. செமஸ்டர் முடிந்ததும் குழுவிலிருந்து சத்தமில்லாமல் காணாமல்போகிற அண்ணன்களும் அக்காக்களும் நிறையப் பேர். ஒரு குழந்தை எங்களிடம் நாலு வாரம் 'அக்கா எங்கே' என்று கேட்டது. மூன்று மாதம்தான் முடியும் என்றால் மூன்று மாத வகுப்பு என்று சொல்லியே தொடங்குங்கள், கடைசி நாள் எது என்று குழந்தைக்குக் காலண்டரில் காட்டுங்கள்.

சான்றிதழைவிட முக்கியமான விஷயம், எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், குழந்தை பக்கத்தில் வீட்டார் ஒருவர் இருக்க வேண்டும். குழந்தையோடு தனி வீடியோ அழைப்பு, தனிச் செய்தி கிடையவே கிடையாது. பெற்றோர் எழுதிக் கொடுக்காமல் பதிவு செய்யாதீர்கள், ஸ்கிரீன்ஷாட்டை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். எவ்வளவு அழகாக இருந்தாலும்.

வாய் பேச முடியாதவர்களை எப்படிக் குறிப்பிடுவது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– வாசகி, நாகர்கோவில்

'ஊமை', 'செவிடு' இரண்டையும் மறந்துவிடுங்கள். அரசு ஆவணங்களில் செவித்திறன் குறையுடையோர் என்று வரும். என் அண்ணனும் நண்பர்களும் காது கேளாதவர் என்றே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். வாய் பேச முடியாதவர் என்பதும் வேண்டாம், அவர்கள் பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், ராத்திரி ஒரு மணிக்கு மின்சாரம் போனால்தான் பேச்சு நிற்கும்.

என் பேர சைகைல எப்டி சொல்றது? எனக்கு பட்டாம்பூச்சி மாதிரி வேணும்.
– ஏழு வயது, அம்மாவின் போனிலிருந்து, தஞ்சாவூர்

செல்லம், அதை நீயே வைத்துக்கொள்ள முடியாது, நானும் வைக்க முடியாது. காது கேளாத நண்பர் யாராவது உன்னோடு பழகி, உன்னை நன்றாகப் பார்த்து, உன்னிடம் இருக்கிற ஏதாவது ஒன்றை வைத்துப் பெயர் கொடுப்பார்கள். சிரிக்கும்போது விழுகிற குழியாக இருக்கலாம், ஆடுகிற பின்னலாக இருக்கலாம். வகுப்பில் சேர்ந்தால் கிடைக்கும். பட்டாம்பூச்சி வேண்டும் என்று கேட்டுப் பார், கொடுத்தாலும் கொடுப்பார்கள்.

எனக்கு என் அண்ணன் வைத்த பெயர், மூக்கிலிருந்து நழுவும் கண்ணாடியை ஒரு விரலால் மேலே தள்ளுவது. பத்து வயதில் வைத்தான். இப்போது நான் லென்ஸ் போடுகிறேன், மாற்றச் சொல்லிக் கெஞ்சியும் ஆயிற்று. மாட்டேன் என்கிறான்.